தூசுக் குழாயை மறுபடி அமைத்தேன்

என் தச்சுப் பட்டறையில் தூசு உறிஞ்சும் இயந்திரத்தை வைத்தபோது, தண்ணீர்க் குழாய் போடும் பழக்கத்திலேயே 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயைச் சுவரோரம் ஓட்டி, திருப்பத்தில் 90 டிகிரி எல்போவும் கிளையில் 'T' வடிவ டீ இணைப்பும் போட்டுவிட்டேன். ஒருநாள் மரத்தைச் சீவும் பிளேனர் இயந்திரத்தின் வாயிலிருந்து சீவல் பொங்கி வெளியே கொட்டியது. எல்போவைக் கழற்றினால், தேக்குச் சீவல் இரண்டு கைப்பிடி அளவுக்கு இறுகி, குழாயின் வளைவை அப்படியே அச்செடுத்ததுபோல் வெளியே வந்தது.

காற்று தண்ணீரைப் போன்றதன்று. தூசு குழாயில் படியாமல் ஓட, விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகம் வேண்டும். கூர்மையான திருப்பமும் நெளிகுழாயின் உள்வரிகளும் அந்த வேகத்தைத் தின்றுவிடுகின்றன. ஆகவே தடை குறைந்து அதிகக் காற்று ஓடட்டும் என்று முதன்மைக் குழாயை 160 மில்லிமீட்டராக மாற்றினேன். இதன் குறுக்குப் பரப்பு பழையதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எல்போ இருந்த இடத்தில் இரண்டு 45 டிகிரி வளைவுத் துண்டுகளையும், டீ இருந்த இடத்தில் காற்று ஓடும் திசைக்குச் சாய்ந்த ஒய் இணைப்பையும் பொருத்தினேன். நெளிகுழாய் இயந்திரத்தருகே அரை மீட்டர் மட்டுமே.

ஒவ்வொரு கிளையிலும் ஒரு தடுப்புப் பலகை உண்டு. ஓடும் இயந்திரத்தினுடையதை மட்டும் திறந்து வைப்பேன்.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இலேயே மரத்தூசைப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்தியுள்ளது. கண்ணுக்குத் தெரியும் சீவலைவிட, மிதக்கும் நுண்தூசே நுரையீரலுக்குள் இறங்குவது என்பதால், மணல்தாள் தேய்க்கும்போது இப்போதும் முகக்கவசம் அணிகிறேன்.