மூங்கில் தடியும் முக்காலியும்

கோவைப் பக்கத்து வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறும்போது என் முழங்கால் எதுவும் சொல்வதில்லை. இறங்கும்போதுதான் கணக்குத் தீர்க்கும். போன சித்திரையில் இரண்டாவது மலைப் படிகளில் பக்கவாட்டாக, நண்டு மாதிரி இறங்கினேன். வயது 57. முதுகில் எட்டுக் கிலோ.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசை எடுத்தேன். நிக்கான் டி750 கேமரா பேட்டரியோடு 840 கிராம். 14-24 லென்ஸ் ஒரு கிலோ. 24-70 லென்ஸ் தொள்ளாயிரம் கிராம். தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் 70-200 மட்டும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். கேமராவை நிறுத்தும் முக்காலி மூன்று கிலோவை நெருங்கியது. அப்புறம் தண்ணீர், ஸ்வெட்டர். ஏழாவது மலையில் விடியற்காலைக் குளிருக்கு அது இல்லாமல் முடியாது.

அடுத்து, ஒன்பது வருஷத்து மலைப் படங்களை லென்ஸ் வாரியாகப் பிரித்தேன். 70-200-ல் எடுத்ததில் நான் வைத்துக்கொண்ட படங்கள் பதினொன்று. வருஷத்துக்கு ஒன்றேகால் படம்! அதற்காகவா இத்தனை சுமந்தேன் என்று வெட்கமாகவே இருந்தது.

இந்த மாசியில் பையில் டி750, 20 எம்எம், 85 எம்எம் மட்டும். லென்ஸ் இரண்டும் சேர்த்தே முக்கால் கிலோவுக்குள். முக்காலியும் வீட்டில். பூண்டி அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடி கையில். இத்தனை வருஷம் முக்காலியையே தடியாக ஊன்றிச் சமாளித்தவன் நான். அது பாறையில் வழுக்கும், மூங்கில் வழுக்காது. இது மலை ஏறுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம், படம் எடுப்பவனைத் தவிர.

நட்சத்திரங்களுக்குத் துண்டைச் சுருட்டிப் பாறைமேல் வைத்து, அதன்மேல் கேமராவைச் சாய்த்தேன். டைமர் போட்டு 20 விநாடி. கோணம் சரியாக அமையத் தரையில் குப்புறப் படுக்க வேண்டியிருந்தது, அது தனி வேதனை. படம் அசையவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விடியும் முன் மேலிருந்து திரும்பிப் பார்த்தால், ஆறாவது மலைச் சரிவில் டார்ச் வெளிச்சங்கள் எறும்பு வரிசையாய் ஏறிக்கொண்டிருந்தன. 85-ல் அது கடுகளவுதான் விழுந்தது. 200 இருந்திருந்தால்...

கூட வந்த அக்கா மகன், "அடுத்த வருஷம் அந்தப் பெரிய லென்ஸை நான் தூக்கிட்டு வரேன் மாமா" என்றான். அவனுக்கு வயது 24. போகிற வழியில் இரண்டு தடவை தடியைத் தவறவிட்டவன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.