281-ஆம் சாலையில் இரண்டு வேட்டைகள்

அமெரிக்கப் பறவை வேட்டைக்காரர்களில் இரண்டு கட்சிகள் உண்டு. புல்லுக்குள்ளும் சோளத்துக்குள்ளும் பதுங்கும் நிலப்பறவைகளைத் தேடி நாளெல்லாம் நடப்பவர்கள் ஒரு கட்சி. வாத்துக்காக விடிவதற்கு முன்பே போய்க் குளிரில் படுத்துக் கிடப்பவர்கள் மறு கட்சி. இரண்டில் எது கடினம் என்று கேட்டுவிட்டால் போதும், தட்டில் சாப்பாடு ஆறிப்போகும்வரை வாதாடுவார்கள். மினியாபொலிஸில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் இரண்டு கட்சியிலும் கால் வைத்திருப்பவர். அக்டோபர் கடைசியில், ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று அழைத்தார்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, வேட்டை என்றாலே நமக்கு அது போலீஸ் செய்தி. இங்கே பருவம், எண்ணிக்கை, கட்டணம் என்று அரசாங்கமே கணக்கு வைத்து நடத்தும் காரியம். சரியா தவறா என்பது வேறு விவாதம். அதில் எனக்கே முழுச் சமாதானம் இல்லை. ஆனாலும் போனேன். வடக்கு டகோட்டாவில் 1961-க்குப் பின் பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் லைசென்ஸ் வாங்க முடியாது என்பதால், அந்த வகுப்பைக் கோடையிலேயே மினசோட்டாவில் முடித்து வைத்திருந்தேன்.

மினியாபொலிஸிலிருந்து 12-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போனால் வில்மர், ஆர்டன்வில், மில்பேங்க், வெப்ஸ்டர் என்று ஊர்கள் சிறுத்துக்கொண்டே வந்து, தெற்கு டகோட்டாவின் அபர்டீனில் 281-ஆம் சாலை குறுக்கிடும். அங்கே தெற்கே திரும்பினால் ஃபெசன்ட் என்ற நிலப்பறவை. வடக்கே திரும்பினால் வாத்து. நாங்கள் முதலில் தெற்கே திரும்பினோம்.

ரெட்ஃபீல்டு என்ற சிற்றூர் தன்னை ‘உலகின் ஃபெசன்ட் தலைநகரம்’ என்று அழைத்துக்கொள்கிறது. ஃபெசன்ட் நம் காட்டுக்கோழியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அமெரிக்கப் பறவை அல்ல. 1880-களில் ஷாங்காயிலிருந்த அமெரிக்கத் தலைமைத் துணைத்தூதர் ஓவன் டென்னி ஒரிகன் மாநிலத்துக்குக் கப்பலில் அனுப்பிய சீனப் பறவைகள் அங்கே நன்றாகப் பெருகின. பிறகு மற்ற மாநிலங்களும் ஆசைப்பட்டன. தெற்கு டகோட்டா தன் முதல் ஃபெசன்ட் வேட்டைப் பருவத்தை 1919-இல், ரெட்ஃபீல்டு இருக்கும் ஸ்பிங்க் கவுண்டியில்தான் திறந்தது. 1943-இல் அதையே மாநிலப் பறவையாகவும் அறிவித்துவிட்டார்கள். வந்தேறிக்குக் கிடைத்த மரியாதை என்று நான் சொன்னதற்கு நண்பர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நாங்கள் தங்கிய மோட்டலில் நாய்களுக்கு அனுமதி உண்டு. ‘அறைக்குள் பறவைகளைச் சுத்தம் செய்யாதீர்கள்’ என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு நிதானமாக முட்டையும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டோம். காரணம், தெற்கு டகோட்டாவில் காலை 10 மணிக்கு முன் ஃபெசன்டைச் சுடக் கூடாது. பத்து மணிக்குத் தொடங்கும் வேட்டை எவ்வளவு கடினமாக இருந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நண்பருடைய மாமனாரின் நிலம் அது. அறுவடை முடிந்த மக்காச்சோளம் ஒரு பக்கம், இடுப்பளவு புல் மறு பக்கம், நடுவே தண்ணீர் வற்றிச் சம்பங்கோரை மண்டிய ஒரு பள்ளம். எல்லோரும் ஆரஞ்சு நிறச் சட்டை, தொப்பி. ஒருவருக்கொருவர் பதினைந்து இருபது கஜ இடைவெளி விட்டு வரிசையாக நின்றோம். மாமனாரும் அவருடைய தம்பியும் மட்டும் வயலின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டார்கள். ஃபெசன்டுக்குப் பறப்பதைவிட ஓடுவதில்தான் விருப்பம். கோடியில் ஆள் நிற்காவிட்டால், நாம் இந்த முனையில் நுழைந்ததுமே அது அந்த முனையில் இறங்கிச் சத்தமில்லாமல் போய்விடும்.

வரிசை நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் மேகி. குட்டை முடியும் ஒடுங்கிய வயிறும் கொண்ட ஜெர்மன் பாயிண்டர் நாய். வாசனை பிடித்ததும் ஒரு முன்னங்காலை மடக்கி, வாலை விறைத்து, உடல் மெல்ல நடுங்க நின்றுவிடுவாள். பாடப்புத்தகத்தில் கதை அத்துடன் முடியும். நிஜத்தில் அவள் மூக்குக்கு நேரே இருக்கும் சேவல் நின்றுகொண்டிருப்பதில்லை, புல்லடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. மேகி நிலை கலைந்து நகர்வாள், மறுபடி நிற்பாள், மறுபடி நகர்வாள். அவளோடு நாமும் ஓட வேண்டும். சம்பங்கோரைக்குள் ஓடுவது என்றால், மடிந்த தட்டைகள் கணுக்காலைப் பிடிக்கும், அடியில் சேறு, மேலே பஞ்சு பறந்து வாயில் ஏறும். அரை மணி நேரத்தில் சட்டை நனைந்துவிட்டது.

அப்புறம் அது எழும். கால் எசகுபிசகாக இருக்கும் தருணத்தில், மூச்சு வாங்கும்போது, நாம் எதிர்பார்க்காத பக்கத்தில் எழும். சிறகடிப்பில் மார்பு அதிரும். சேவல் எழும்போது கரகரவென்று ஒரு வசவு வேறு வைக்கும். உடனே வரிசையில் யாராவது ‘ரூஸ்டர்’ என்றோ ‘ஹென்’ என்றோ கத்துவார்கள். சுடலாம் என்பது சேவலை மட்டும்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று. பெட்டையைச் சுட்டால் அபராதம். பறவைக்குக் கீழே வானம் தெரியாவிட்டால் சேவலையும் சுடக் கூடாது, ஏனென்றால் கோடியில் மாமனார் நிற்கிறார். இவ்வளவையும் இரண்டு மூன்று நொடிக்குள் தீர்மானிக்க வேண்டும்.

விழுந்த சேவலொன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கழுத்தில் வெள்ளை வளையம், அதற்கு மேலே பச்சையா ஊதாவா என்று வெயில் முடிவு செய்கிற ஒரு நிறம், மார்பில் செம்பு. காலில் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு முள். முள் குட்டையாகவும் மழுங்கலாகவும் இருந்தால் இந்த ஆண்டுக் குஞ்சு. நீண்டு கூராக இருந்தால் குறைந்தது ஒரு குளிர்காலத்தைத் தாண்டியது. இரைப்பையை மாமனார் பிதுக்கிக் காட்டினார்: மக்காச்சோள மணிகள், நடுவே ஒரு வெட்டுக்கிளி.

மாலையில் முழங்கால் இரண்டும் பேசின. ஆனால் அங்கே எனக்கு ஒன்று பிடிபட்டது. அன்று நான் உழைத்தேனே தவிர எதையும் அறிந்திருக்க வேண்டிய அவசியம் வரவில்லை. எங்கே பறவை என்று மேகிக்குத் தெரியும். எப்படி வளைப்பது என்று மாமனாருக்குத் தெரியும். வரிசையில் நேராக நடக்கவும் வாயை மூடிக்கொண்டிருக்கவும் தெரிந்தால் புது ஆளுக்கும் பறவை எழும்.

அடுத்து வடக்கு. 281-லேயே அபர்டீனைத் தாண்டி, எல்லெண்டேலில் வடக்கு டகோட்டாவுக்குள் நுழைந்து, ஜேம்ஸ்டவுன். 1959-இல் கட்டிய 26 அடி உயரக் காட்டெருமைச் சிலை ஊர் எல்லையில் நிற்கிறது. படம் எடுத்துக்கொண்டோம், அதற்கு மேல் அங்கே வேலையில்லை. ஊருக்கு மேற்கேதான் விஷயம். பனியுகத்துப் பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுப்போன ஆயிரக்கணக்கான பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, புல்வெளி முழுக்கக் குட்டைகள். வட அமெரிக்க வாத்துகளில் பெரும்பங்கு கனடாவரை நீளும் இந்தக் குட்டைப் பிரதேசத்தில்தான் குஞ்சு பொரிக்கிறது. வாத்துத் தொழிற்சாலை என்றே இதைச் சொல்கிறார்கள்.

வாத்து வேட்டை முந்தின நாள் மாலையில் தொடங்குகிறது. துப்பாக்கி பெட்டியிலேயே இருக்கும். கையில் பைனாகுலர் மட்டும். நாலு மணிக்குச் சரளைச் சாலைகளில் பிக்கப்பை ஓட்டத் தொடங்கினோம். குட்டையில் வாத்து இருப்பது செய்தியே அல்ல. எல்லாக் குட்டையிலும் இருக்கிறது. பொழுது சாயும்போது மல்லார்டு வாத்துகள் கூட்டமாக எழுந்து இரை தேடி எந்த வயலில் இறங்குகின்றன என்பதுதான் கேள்வி. நண்பர் ஒரு கூட்டத்தை வானில் பிடித்தார். அதைப் பின்தொடர்ந்து மைல் கணக்கில் போனோம். சாலை வலப்புறம் திரும்பினால் வாத்து இடப்புறம் திரும்பியது. கடைசியில் ஒரு சோளத்தாள் வயலின் மேல் அவை சுழன்று சுழன்று இறங்கின. வயலே கருத்துவிட்டது.

அந்த இடம் யாருடையது? வடக்கு டகோட்டாவில் ‘அனுமதியில்லை’ என்று பலகை வைக்காத, இணையத்திலும் பதிவு செய்யாத தனியார் நிலத்தில் வேட்டைக்காரர் நுழையலாம். தெற்கு டகோட்டாவில் அந்தச் சலுகை கிடையாது. ஆனால் இந்த வயலுக்கு இணையத்தில் தடை பதிவாகியிருந்தது. விவசாயியைத் தேடிப் போனால், நேற்றே வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். இருட்ட அரை மணி நேரம் இருக்கும்போது முதலிலிருந்து தேடல். இரண்டாவதாகக் கிடைத்த வயலின் சொந்தக்காரர் அறுவடை இயந்திரத்தை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சரி என்றார். ஒரே நிபந்தனை: மண் ஈரமாக இருக்கிறது, வண்டி உள்ளே வரக் கூடாது.

அந்த நிபந்தனையின் அர்த்தம் மறுநாள் அதிகாலையில்தான் புரிந்தது. நான்கு மணிக்கு எழுந்து, பூஜ்ஜியத்துக்குக் கீழே நாலு டிகிரியில், நிஜ வாத்துகளை ஏமாற்றி இறக்குவதற்கான பொம்மை வாத்துகளை மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து வயலின் நடுவுக்குப் போனோம். நேற்று அவை இறங்கிய அதே இடம், எச்சமும் இறகும் கிடக்கும் இடம். நூறு கஜம் தள்ளி வைத்தால் வராது என்றார் நண்பர். வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். எனவே காற்று நம் முதுகில் பட வேண்டும், பொம்மைகளின் நடுவே அவை இறங்க ஓர் இடைவெளி வேண்டும். பிறகு நாம் தரையோடு படுத்து ஒளிந்துகொள்ளும் மறைப்புகள். அவற்றின் வார்களில் சோளத்தாளைச் செருகிச் செருகி என் விரல் நுனிகளில் உணர்ச்சி போய்விட்டது. மறைப்பின் நிழல்கூடத் தெரியக் கூடாதாம்.

சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்பு வரை சுடக் கூடாது. அன்று அது ஏழரையை ஒட்டி வந்தது. ஏழேகாலுக்கே இருட்டில் தலைக்கு மேல் சீழ்க்கையடிப்பதுபோல் சிறகோசை கேட்டது. பத்துப் பன்னிரண்டு வாத்துகள் எங்கள் பொம்மைகளுக்கு நடுவே வந்து இறங்கி, என் காலிலிருந்து ஐந்தடி தள்ளி ஒன்று சோள மணியைக் கொத்திக்கொண்டிருந்தது. கறுப்பு லாப்ரடார் பக்கத்து மறைப்பில் மூச்சை அடக்கிக்கொண்டு முனகியது. யாரும் அசையவில்லை. கடிகாரம் நகரவில்லை. லேசாக வெளிச்சம் வந்ததும் தலை தூக்கிப் பார்த்துவிட்டு அவை போயே போய்விட்டன.

சட்ட நேரம் வந்த பிறகும் மங்கல்தான். அந்த மங்கலில்தான் உண்மையான பரீட்சை. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஆறு வாத்து. அதில் மல்லார்டு ஐந்துக்கு மேல் கூடாது. அந்த ஐந்திலும் பெட்டை இரண்டுக்கு மேல் கூடாது. மற்ற இனங்கள் பலவற்றுக்குத் தனித்தனி வரம்பு. ஃபெசன்டில் சேவலா பெட்டையா என்ற ஒரே கேள்வி, அதையும் சேவலே கத்திச் சொல்லிவிடும். இங்கே மல்லார்டுப் பெட்டை, கேட்வால் பெட்டை, ஊசிவால் பெட்டை எல்லாமே பழுப்பு. சிறகின் பின்னோரத்தில் வெள்ளைக் கரையிட்ட நீலப் பட்டை என்றால் மல்லார்டு, வெறும் வெள்ளைக் கட்டம் என்றால் கேட்வால். அதை மணிக்கு எழுபது எண்பது கிலோமீட்டரில் போகும் சிறகில் படிக்க வேண்டும். ஒரு ஜோடி ஊசிவால் வாத்து நேர் மேலே போனபோது நான் துப்பாக்கியை எடுக்கவே இல்லை. வேடந்தாங்கலுக்கு வட ஆசியாவிலிருந்து வருவதும் இதே இனம்தான். அங்கே பார்த்துப் பழகிய கழுத்து. நண்பர் எதுவும் கேட்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், சுடுவது மட்டும் இங்கே சுலபம். எல்லாம் சரியாக அமைந்தால் மல்லார்டு காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, சிறகை வளைத்து, இருபது கஜத்தில் அந்தரத்தில் நிற்கிறது. ஆனால் ‘எல்லாம் சரியாக’ என்பதற்குள் முந்தின மாலையும் அதிகாலையும் அடங்கியிருக்கின்றன. ஒன்பதரைக்குக் காற்று விழுந்து வெயில் வந்ததும், அடுத்த கூட்டம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னவோ பிடிக்காமல் விலகியது. நண்பர் எழுந்து பொம்மைகளை மாற்றி வைத்தார். அடுத்ததும் விலகியது. லாப்ரடார் இதிலெல்லாம் உதவாது; அது தபால்காரர், விழுந்ததைக் கொண்டுவந்து கொடுப்பதோடு சரி. ஃபெசன்டில் நாய் சுமந்த அறிவை இங்கே மனிதன் சுமக்க வேண்டியிருக்கிறது. அதனால் என் தீர்ப்பு வாத்துக்கே. கால்வலி இரண்டு நாளில் போய்விடும். காற்றையும் வயலையும் சிறகையும் படிக்க வருஷங்கள் வேண்டும்.

செலவும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. லைசென்ஸுக்கு மேல், வாத்து வேட்டைக்கென்று அரசு விற்கும் 25 டாலர் வாத்து முத்திரை. 1934-இல் ஒரு டாலருக்குத் தொடங்கியது. கொத்தித் தின்னும் ஈயக் குண்டு வாத்துகளுக்கு விஷமானதால் 1991 முதல் நாடு முழுவதும் எஃகு போன்ற விஷமற்ற குண்டுதான். எஃகு இலேசு, சீக்கிரம் வேகம் இழக்கும், தூரத்தில் சுட்டால் கொல்லாமல் காயப்படுத்திவிடும். ஒரு சுவாரசியம்: அந்த முத்திரைப் பணத்தில் அரசு வாங்கிய குட்டைகளைச் சுற்றியுள்ள புல்லில்தான் ஏகப்பட்ட ஃபெசன்ட் முட்டையிடுகிறது. ஃபெசன்ட் கட்சிக்காரர்கள் வாத்துக் கட்சியின் உப்பைத் தின்றுகொண்டேதான் வாதாடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து, ஃபெசன்டைத் தோலோடு உரித்துவிட்டு, வாத்தின் இறகைப் பிடுங்க உட்கார்ந்தோம். ஒரு ஃபெசன்ட் முடியும் நேரத்தில் வாத்தின் மார்பில் பாதிகூட வெளுக்கவில்லை. இரண்டையும் மிளகு போட்டு வறுத்தேன். வாத்தில் கொழுப்பு நிறைய, எண்ணெயே ஊற்ற வேண்டாம்.

நண்பர் தீர்ப்பை ஏற்கவில்லை. அக்டோபர் சேவல் பாதிக்கு மேல் அனுபவமில்லாத குஞ்சு, டிசம்பரில் வந்து பாருங்கள் என்கிறார். அப்போது மிஞ்சியிருப்பவை துப்பாக்கிச் சத்தம் அறிந்தவை. பனி விழுந்ததும் எல்லாம் உறைந்த சம்பங்கோரைக்குள் போய்விடும், கார்க் கதவைச் சாத்தும் ஒலிக்கே மறுகோடியில் எழுந்துவிடும், மேகியின் பாதம் பனிக்கட்டியில் வெட்டுப்படும் என்கிறார். தெற்கு டகோட்டா வெளிமாநிலத்தாருக்குக் கொடுக்கும் லைசென்ஸ் இரண்டு ஐந்து நாள் தவணைகளாக வருகிறது. இரண்டாவது தவணை இன்னும் என்னிடம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் விடுப்பு கேட்டிருக்கிறேன். கம்பளிக் காலுறை வாங்க வேண்டும்.