இன்சாட்-4பி ஓய்வு பெற்ற வாரம்

2007 மார்ச்சில் ஏரியான்-5 ஏவுகலம் கொண்டுசென்ற இந்தியத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் இன்சாட்-4பி, 12 ஆண்டுகளுக்கென வடிவமைக்கப்பட்டு 14 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. 2010 ஜூலையில் சூரியத் தகடுகளின் மின்வழங்கலில் நேர்ந்த கோளாறால் டிரான்ஸ்பாண்டர்களில் (சிக்னலைப் பெற்றுத் திருப்பி அனுப்பும் கருவிகளில்) பாதியை அணைத்த பின்னரும், மீதி பாதி தொடர்ந்து பயன்பட்டது. பிறவற்றுக்கு இடையூறாகாதபடி அதைப் புவிநிலைப் பாதையிலிருந்து (பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றுவதால் செயற்கைக்கோள் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் பாதை) மேலே உயர்த்தி விலக்கும் பணியில், கர்நாடகத்தின் ஹாசன் கட்டுப்பாட்டு மையத்தில் நானும் இருந்தேன்.

கு-பேண்ட், சி-பேண்ட் என்னும் இரு அலைவரிசைப் பட்டைகளின் சேவைகளை முன்னதாகவே வேறு ஜிசாட் செயற்கைக்கோள்களுக்கு மாற்றிவிட்டதால், எங்கள் கவலை எரிபொருளைப் பற்றியதாகவே இருந்தது. சமையல் எரிவாயு உருளையைத் தூக்கிப் பார்த்து மீதியைச் சொல்வதுபோல் எடையற்ற வெளியில் சொல்ல முடியாது. இத்தனை ஆண்டுகளாக உந்திகள் இயங்கிய நேரத்தைக் கூட்டியும், தொட்டியின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் கொண்டு கணித்தும்தான் மதிப்பிட வேண்டும். பாதையை உயர்த்தச் செலவாகும் எரிபொருள், செயற்கைக்கோளை அதன் இடத்தில் மூன்று மாத அளவுக்கு நிறுத்திவைக்கப் போதும். வருமானம் தரக்கூடிய அந்த மாதங்களை விட்டுக்கொடுக்க எவருக்கும் எளிதில் மனம் வராது. ஆனால் அந்த மதிப்பீட்டில் உள்ள பிழையைக் கருதினால், சற்று முன்கூட்டியே முடிவெடுப்பதே சரி என்பது என் கருத்து.

அடுத்த 100 ஆண்டுகளுக்குப் புவிநிலைப் பாதைப் பகுதிக்குத் திரும்பாதிருக்க, இன்சாட்-4பி குறைந்தது 273 கிலோமீட்டர் உயர வேண்டும் என்று பன்னாட்டு நெறிமுறை வகுத்த கணக்கு கூறியது. அதில் 38 கிலோமீட்டர், சூரிய ஒளியின் அழுத்தம் காலப்போக்கில் பாதையைக் கோணச் செய்வதை ஈடுசெய்யச் சேர்க்கப்படுவது. 2022 ஜனவரி 17 முதல் 23 வரை 11 முறை உந்திகளை இயக்கினோம். ஒரே மூச்சில் தள்ளினால் பாதை நீள்வட்டமாகி, அதன் தாழ்ந்த முனை பழைய உயரத்திலேயே நின்றுவிடும் என்பதால், ஒரு பக்கத்தில் சிறிதும் எதிர்ப்பக்கத்தில் சிறிதுமாக உயர்த்தி, இடையிடையே பாதையை அளந்து, அடுத்த இயக்கத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். உயர உயரச் செயற்கைக்கோள் மேற்கே நகர்ந்து பிறருடைய இடங்களைக் கடக்கும். ஆகவே அதன் ஒலி-ஒளிபரப்புக் கருவிகள் யாவும் அணைந்திருப்பது கட்டாயம்.

இறுதியில் புவிநிலைப் பாதைக்கு மேல் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் உயரத்தை எட்டினோம். மிஞ்சிய எரிபொருளைத் தொட்டியில் விட்டால் பின்னாளில் வெடிப்புக்குக் காரணமாகலாம். அதை உயரமாக மாற்றிக்கொள்வதில் இழப்பேதும் இல்லை. ஜனவரி 24 அன்று மின் அமைப்புகளைச் செயலிழக்கச் செய்தோம். கடைசிக் கட்டளை நிறைவேறியதைத் தெரிவிக்கச் செயற்கைக்கோளிலிருந்து இனித் தகவல் வராது. திரையில் அதன் அலைவரிசைக் கோடு மறைவதுதான் சான்று என்பதால், அது மறைந்த நேரத்தைக் குறித்துப் பதிவேட்டை முடித்தோம்.