இலைக் கணக்கும் செத்த டிஸ்க்கும்

நவம்பர் 4, செவ்வாய். கோத்தகிரி

ராத்திரி முழுக்க மழை. கரண்ட் நாலைந்து தடவை போய் வந்தது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரே வரி, ஏதோ டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறதாம். பக்கத்தில் நொடிகள் ஓடின. 1 நிமிடம் 30 நொடி ஆனதும் எமர்ஜென்சி மோடு, பழுது பார்ப்பதற்கான நிலை. அங்கேயும் வழியில்லை, என் கம்ப்யூட்டரில் ஓடும் உபுண்டு லினக்ஸில் ரூட் கணக்கு, எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு, பூட்டித்தான் கிடக்கும். என்டரைத் தட்டினால் பழையபடி அதே.

லினக்ஸ் இருப்பது எஸ்எஸ்டி என்ற சிப் டிஸ்க்கில். அப்பா வாங்கும் தேயிலைக் கொழுந்தின் மூன்று வருட எடைக் கணக்கு பழைய 1 டிபி ஹார்டு டிஸ்க்கில். வயிற்றில் புளி கரைத்தது.

நவம்பர் 5, புதன்

நண்பனின் லேப்டாப்பில் உபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்தேன். எஸ்எஸ்டி முழுசாக இருக்கிறது. எழும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று எழுதி வைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஹார்டு டிஸ்க்கின் வரிக்கு முன்னால் ஒரு # போட்டேன், அந்த வரியைக் கண்டுகொள்ளாதே என்று அர்த்தம். அவ்வளவுதான், எழுந்துவிட்டது. வராத விருந்தாளிக்காகப் பந்தியையே நிறுத்தி வைத்த கதை. அந்த வரியில் 'நோஃபெயில்' என்று ஒரு சொல் இருந்திருந்தால், டிஸ்க் வராவிட்டாலும் மீதி வேலை நடந்திருக்கும். வரியை எழுதியவன் நானேதான், யாரைத் திட்டுவது?

டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றியதும் டிஸ்க் கண்ணில் பட்டது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னத் துண்டுகள், 112. கோப்பு அமைப்பைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டலாமா என்று கை துறுதுறுத்தது. ஓட்டவில்லை. அது டிஸ்க்கிலேயே எழுதித் திருத்தும். சாகக் கிடக்கும் டிஸ்க்கிடம் முதலில் பிரதி எடுக்க வேண்டும், வைத்தியமெல்லாம் அப்புறம், அதுவும் பிரதிக்கு.

நவம்பர் 7, வெள்ளி

குன்னூர் போய் 2 டிபி டிஸ்க் வாங்கி வந்தேன். திரும்பும்போது ஒரே மூடுபனி, பஸ் ஊர்ந்துதான் வந்தது.

பிரதி எடுக்க டிடிரெஸ்க்யூ என்ற நிரலை ஓட்டினேன். சுலபமாகப் படிக்க வருவதை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்தைக் கடைசிக்குத் தள்ளும். எதுவரை படித்தோம் என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். அதை எஸ்எஸ்டியில் வைத்தேன். ஏழு மணிக்குக் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கை விரித்தது. வந்ததும் அதே கட்டளையைக் கொடுத்தேன், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மேப் இல்லையென்றால் ஆரம்பத்திலிருந்து.

பத்து மணிக்கு 99 சதவீதம் தாண்டியது. அப்புறம் எண் அசையவே இல்லை. டக்கென்று ஒரு சத்தம், கொஞ்சம் அமைதி, மறுபடி டக்.

"அந்தப் பொட்டிய அடுப்புப் பக்கத்துல வையேன், ஈரம் காயும்" என்றாள் அம்மா.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்று மதியம் நிறுத்தினேன். சில நூறு கேபி மட்டும் வரவில்லை. பிரதியின் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டித் திறந்தால் எல்லா மாதமும் இருக்கிறது, ஜூலை தவிர. அந்தத் தாள் மட்டும் திறக்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "கீழ் வீட்டு அண்ணன் எடைச் சீட்டெல்லாம் சேர்த்து வெச்சிருப்பான், மத்தவங்ககிட்டயும் கேளு" என்றார். நாளைக்குப் போக வேண்டும், நோட்டும் குடையுமாக.