‘பேப்பர் ஜாம்’ என்று பிரிண்டர் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் பேப்பர் ஜாம் என்று வந்தால் எல்லோரும் செய்வது, மாட்டிய தாளை உருவிப் போட்டுவிட்டு மறுபடி ஓகே அமுக்குவது. எப்போதாவது வந்தால் அது போதும். கடலூரில் ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து எங்கள் பிரிண்டர் நாலு பக்கம் ஒழுங்காக அடித்தாலே அதிசயம் என்றாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளி ப்ராஜெக்ட் நினைவுக்கு வருவதோ கடைகள் எல்லாம் அடைத்த பிறகுதான்.

சர்வீஸ் சென்டரில் போனிலேயே “ரோலர் போயிருக்கும் சார், கொண்டு வாங்க” என்றார்கள். சொன்ன தொகையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிவிடலாம். சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

இதில் முதலில் பார்க்க வேண்டியது, தாள் எந்த இடத்தில் நிற்கிறது என்பது. எங்களுடையது கீழ்த் தட்டிலிருந்து தாளை எடுத்து, பின்பக்கம் வளைத்துத் திருப்பி முன்னால் தள்ளும் வகை. நின்றதும் அவசரப்பட்டு உருவாமல் பின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். தாள் தட்டைவிட்டு நகரவே இல்லை, அல்லது கோணலாக ஏறியிருக்கிறது என்றால் சந்தேகம் தாளை இழுத்துவிடும் ரப்பர் ரோலர் மேல். இரண்டு மூன்று தாள் சேர்ந்தே ஏறியிருந்தால் தாளில் ஈரம், இல்லையென்றால் தாள்களைப் பிரித்துவிடும் சின்னப் பட்டை தேய்ந்திருக்கும். எப்போதும் ஒரே இடத்தில் முனை மடங்கி நின்றால் வழியில் ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு முதல் இரண்டும் மாறி மாறி வந்தன.

தாளில் ஈரம் இருப்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு தாளை மேஜைமேல் வைத்தால் மூலைகள் தூக்கிக்கொண்டு நிற்கும். 500 தாள் ரீமைச் சுற்றி வரும் உறையின் உட்பக்கத்தில் ஈரம் புகாத பூச்சு இருப்பது சும்மா இல்லை. புதுக் கட்டு ஒன்றைப் பிரித்து, ஓரத்தை விசிறிவிட்டு, தட்டில் பாதி அளவுக்கு மட்டும் வைத்ததும் இரண்டு தாள் சேர்ந்து ஏறுவது நின்றது. மிச்சத் தாளை உறையோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் படுக்கவைத்து மூடிவிட்டேன். தாள் 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்), எப்போதும் வாங்குவதுதான்.

கோணலாக ஏறுவது மட்டும் தொடர்ந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டை முழுசாக வெளியே எடுத்து உள்ளே கைவிட்டால் ரோலர் விரலில் படுகிறது. நல்ல ரப்பர் விரலைப் பிடிக்க வேண்டும். இது கண்ணாடி மாதிரி வழுக்கியது. தாளிலிருந்து உதிரும் தூள் படிந்து படிந்து அப்படி ஆகிவிடுகிறது. நூல் பிரியாத துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, ரோலரைக் கையால் உருட்டி உருட்டித் துடைத்தேன். துணியில் சாம்பல் நிறத்தில் அழுக்கு அப்பிக்கொண்டு வந்தது. பளபளப்பு போகும்வரை துடைத்து, காயவிட்டேன். தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைக்கச் சொல்பவர்கள் உண்டு. ரப்பர் கெட்டுவிடும், அந்தப் பக்கமே போக வேண்டாம். ரோலரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் சரியான பிறகுதான் வேடிக்கை. உள்ளே ஒரு தாளும் இல்லை, தட்டும் காலி, ஆனால் சுவிட்சைப் போட்டதும் பேப்பர் ஜாம் என்கிறது!

தாள் போகும் பாதையில் கறுப்பு பிளாஸ்டிக்கில் நகம் அளவுக்கு ஒரு நெம்பு இருக்கும். தாள் வந்து தள்ளினால் சாயும், தாள் போனதும் ஸ்பிரிங் இழுத்து நிமிர்த்தும். பிரிண்டருக்குத் தாள் வந்ததும் போனதும் தெரிவது அதை வைத்துத்தான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது எங்கள் நெம்பு சாய்ந்தே கிடந்தது. அதன் அடியில், முன்பு உருவும்போது கிழிந்த தாளின் மூலை, அரிசி அளவுக்கு. ட்வீசரால் எடுத்ததும் நெம்பு டக்கென்று நிமிர்ந்தது, எரர் போனது. தாள் எந்தத் திசையில் நகருமோ அந்தத் திசையிலேயே இரண்டு கையாலும் மெல்ல இழுத்தால் இப்படித் துண்டு தங்காது. கிழிந்தால், துண்டுகளை மேஜையில் சேர்த்துவைத்து முழுத் தாள் வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

அங்கேயும் ஒன்றும் இல்லையென்றால், மை தெளிக்கும் இங்க் ஹெட் ஓடும் பாதையில் நீளமாகக் கட்டியிருக்கும், ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைப் பார்க்கலாம். அதில் மைத் துளியோ கிரீஸோ பட்டால் ஹெட் தான் இருக்கும் இடம் தெரியாமல் நின்றுவிடும். சில பிரிண்டர்கள் அதற்கும் ஜாம் என்றே சொல்கின்றன. ஈரத் துணியால் மெதுவாக, பட்டை கொக்கியிலிருந்து கழன்றுவிடாமல் துடைக்க வேண்டும். எனக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை.

இப்போது மழை நாளிலும் ஒழுங்காக அடிக்கிறது. தடித்த அட்டையும் தபால் உறையும் மட்டும் அந்த வளைவில் திரும்ப மறுக்கின்றன. அவற்றுக்குக் கடைதான்.