பழைய ஆம்ப்ளிஃபயரில் ஈக்குவலைசர் இணைத்த அனுபவம்

எங்கள் ஹாலின் அகலம் 9 அடி. கான்கிரீட் கூரை, பூசிய சுவர், மொசைக் தரை. ஒலியை உறிஞ்ச ஒரு சோபாவும் ஜன்னல் திரையும் தவிர வேறெதுவும் கிடையாது. அதில் எழுபதுகளின் கடைசியில் வந்த ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் வைத்திருக்கிறேன். சேனலுக்கு 30 வாட், வீட்டுக்குத் தாராளம். ஆனால் கச்சேரி கேட்கும்போது மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடது பக்கம்) ஒரு இடத்தில் 'கும்'மென்று வீங்கிப் பாடகரின் குரலை மூடிவிடும். பேஸ் குமிழைக் குறைத்தால் அந்த வீக்கம் அடங்கும். கூடவே கீழ்ஸ்தாயி முழுவதும் போய்ப் பாட்டு சோகையாகிவிடும். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு இடத்தை மட்டும் குறைக்கும் வசதி. அதற்குத்தான், ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனி ஸ்லைடரில் கூட்டவோ குறைக்கவோ உதவும் கிராஃபிக் ஈக்குவலைசர் தேடினேன்.

சென்னை ரிச்சி தெரு பக்கம் பழைய ஆடியோ செட் பழுது பார்க்கும் ஒருவரிடம் பத்து பேண்ட் ஈக்குவலைசர் ஒன்று இருந்தது. விலை பேசுவதற்கு முன்பே அவர் கேட்டார்: "உங்க ஆம்ப்ல டேப் மானிட்டர் ஸ்விட்ச் இருக்கா சார்? இருந்தா எடுத்துக்குங்க. இல்லன்னா யோசிச்சு எடுங்க." இருக்கிறது என்றேன். பின்பக்க வோல்டேஜ் செலக்டர் 220-இல் இருப்பதைக் காட்டிவிட்டுத்தான் பேக் செய்தார். இதை எல்லோரும் பார்த்து வாங்க வேண்டும். ஜப்பான் உள்ளூருக்கென்று செய்தவை 100 வோல்ட், அமெரிக்காவுக்குச் செய்தவை 120 வோல்ட். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகினால் அதோடு முடிந்தது.

அவர் ஏன் டேப் மானிட்டரைக் கேட்டார் என்பது ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைப் பார்த்தால் விளங்கும். அந்தக் காலத்தில் கேசட் டெக்குக்காக இரண்டு ஜோடி ஆர்சிஏ சாக்கெட் வைத்தார்கள். 'ரெக் அவுட்' வழியாகப் பாட்டு டெக்குக்குப் போகும். 'டேப் பிளே' வழியாகத் திரும்பி வரும். மானிட்டர் பட்டனை அழுத்தினால், ஆம்ப் தன்னிடம் இருக்கும் பாட்டை விட்டுவிட்டு, வெளியே போய்த் திரும்பி வருவதை வால்யூமுக்கு அனுப்பும். டெக்குக்குப் பதிலாக அந்தச் சுற்றில் ஈக்குவலைசரை வைக்கிறோம், அவ்வளவுதான். ரேடியோ, சிடி, ரெக்கார்ட் பிளேயர் என்று செலக்டரில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஈக்குவலைசர் வழியாகத்தான் வரும். இந்தச் சுற்று வால்யூம் குமிழுக்கு முன்பே இருப்பதால், சத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஈக்குவலைசருக்குள் போகும் அளவு மாறாது. இவ்வளவு எளிமையான ஏற்பாட்டைப் புது ஆம்ப்களில் கைவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இணைப்பு வேலை கால் மணி நேரம்கூட ஆகாது. எல்லாப் பிளக்கையும் பிடுங்கினேன். ஆம்ப்பின் ரெக் அவுட்டிலிருந்து ஈக்குவலைசரின் லைன் இன்னுக்கு ஒரு கேபிள், லைன் அவுட்டிலிருந்து ஆம்ப்பின் டேப் பிளேக்கு இன்னொரு கேபிள். சிவப்பு வலது, வெள்ளை இடது. சில கேபிளில் வெள்ளைக்குப் பதில் கறுப்பு இருக்கும். இரண்டும் ஷீல்டு உள்ள கேபிளாக, தேவைக்கு மேல் நீளம் இல்லாமல் இருந்தால் நல்லது. இதுவரை அந்தச் சாக்கெட்டில் இருந்த கேசட் டெக்கை ஈக்குவலைசரின் பின்னாலேயே உள்ள டேப் சாக்கெட்டுகளுக்கு மாற்றினேன். தயாரித்தவர்கள் அதையும் யோசித்தே வைத்திருக்கிறார்கள்.

செய்யவே கூடாத ஒன்றும் உண்டு. ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரின் நடுவில் இதை மாட்டக் கூடாது. ஈக்குவலைசர் ஒரு வோல்ட் அளவிலான சிக்னலுக்காகச் செய்யப்பட்டது. ஸ்பீக்கர் வயரில் அதைப்போல் பல மடங்கு வோல்ட் வரும்.

பவர் போட்டு மானிட்டர் பட்டனை அழுத்தியதும் பாட்டு வந்தது, கூடவே மெல்லிய 'ஊம்' சத்தமும். ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்த்ததில், டிவி செட் டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளை உருவியதும் நின்றது. கேபிளின் வெளி உறைக்கு எங்கோ ஒரு எர்த், நம் வீட்டு வயரிங்குக்கு வேறு எர்த். இரண்டும் ஆடியோ கேபிள் வழியாகச் சேரும்போது கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் உள்ளே வந்துவிடுகின்றன. பாக்ஸிலிருந்து ஆம்ப்புக்கு வரும் ஆடியோ கேபிளில் இந்த எர்த் தொடர்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றைச் செருகினேன், போய்விட்டது. ஊம் சத்தத்துக்கு வைத்தியமாக மூன்று முனைப் பிளக்கில் எர்த் பின்னைப் பிடுங்கச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஸ்லைடர்களை நகர்த்தும்போது வந்த 'கரகர' தூசியால் வந்தது. பவரை அணைத்து, கான்டாக்ட் கிளீனரை அளவாக அடித்து, ஒவ்வொன்றையும் பலமுறை மேலும் கீழும் ஓட்டியதில் சரியானது.

இதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. பத்து ஸ்லைடர்களும் 31.5 ஹெர்ட்ஸில் தொடங்கி 63, 125, 250 என்று இரட்டிப்பாகி 16 கிலோஹெர்ட்ஸில் முடிகின்றன. நம் கணக்கில், அடுத்தடுத்த ஒவ்வொன்றும் ஒரு ஸ்தாயி மேலே. முதலில் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் முன்னால் இழுத்தேன். அதிலேயே வீக்கம் ஓரளவு குறைந்தது. அடுத்து ஃபோனை ஆம்ப்பில் இணைத்து, வேண்டிய ஹெர்ட்ஸில் ஒலி எழுப்பும் டோன் ஜெனரேட்டர் செயலியைப் போட்டு, 40 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே போனேன். 60-ஐத் தாண்டியதும் ஹாலே அதிர்ந்தது. காரணம் எங்கள் ஹாலின் அகலம். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 1,140 அடி போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே, அகலத்தின் இரண்டு மடங்கு அலைநீளம் உள்ள ஒலி தங்கிப் பெருகும். 1,140-ஐ 18-ஆல் வகுத்தால் 63. ஸ்லைடரில் எழுதியிருக்கும் அதே எண்! அதை 6 டெசிபல் இறக்கினேன், 125-ஐ 2 டெசிபல். தொப்பியின் 'தோம்' தனியாகக் கேட்டது, அதற்குப் பின்னால் தம்புராவும்.

குறைப்பதைப் பற்றியே பேசுகிறேன் என்று தோன்றலாம். கூட்டுவதில் செலவு அதிகம். 12 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் ஆம்ப் சுமார் 16 மடங்கு பவர் தர வேண்டும். 2 வாட்டில் ஓடிக்கொண்டிருந்தது 32 வாட் கேட்கும். என் ஆம்ப்பிடம் இருப்பதே 30. திணறும் ஆம்ப்பிலிருந்து வரும் சிதைந்த ஒலியில் டுவீட்டர் (மேல்ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர்) எரிந்துபோகலாம். கேசட் கடைகளிலும் பஸ்களிலும் இரு ஓரங்களையும் உச்சிக்குத் தள்ளி வைத்திருந்தது வேறு தேவைக்கு. அங்கே இன்ஜின் சத்தத்தையும் தெருச் சத்தத்தையும் மீற வேண்டியிருந்தது. நான் கூட்டியது 16 கிலோஹெர்ட்ஸை மட்டும், அதுவும் பழைய கேசட்டுகளுக்காக 2 டெசிபல். ராத்திரி மெதுவாக வைத்துக் கேட்கும்போது மட்டும் 63-ஐ ஓரளவு திரும்ப ஏற்றுவேன். சத்தம் குறையக் குறையக் காதுக்குக் கீழ்ஸ்தாயி கேட்பது இன்னும் வேகமாகக் குறையும். 1933-இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மானிட்டர் பட்டனை அழுத்தியும் விடுவித்தும் ஒப்பிட்டேன். அப்போது பட்டனின் இரண்டு நிலையிலும் ஒரே அளவு சத்தம் இருக்கும்படி ஈக்குவலைசரின் லெவல் ஸ்லைடரைச் சரிசெய்துகொள்வது முக்கியம். கூடுதலாகச் சத்தம் வரும் நிலைதான் எப்போதும் நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். சோபாவின் இடது மூலையில் மட்டும் கீழ்ஸ்தாயி இன்னும் மெலிவுதான். சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையை அழிக்கும் இடம் அது. எந்த ஸ்லைடரை ஏற்றினாலும் அங்கே நிரம்பாது.

டேப் மானிட்டர் இல்லாத ஆம்ப் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தில் 'பிரீ அவுட்', 'மெயின் இன்' என்ற சாக்கெட்டுகள் இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் அவற்றை இணைக்கும் உலோகத் துண்டையோ சுவிட்சையோ விலக்கிவிட்டு நடுவில் ஈக்குவலைசரை வைக்கலாம். அதுவும் இல்லை, கேட்பதெல்லாம் ஒரே சிடி பிளேயரில்தான் என்றால், பிளேயரிலிருந்து ஈக்குவலைசருக்கும் அங்கிருந்து ஆம்ப்பின் ஆக்ஸுக்கும் கேபிள் போட்டால் போதும். ரெக் அவுட் மட்டும் இருந்து மானிட்டர் பட்டன் இல்லாத ஆம்ப்பில், திரும்பி வரும் கேபிளைச் சாதாரண லைன் இன்புட்டில் செருகி அதைச் செலக்டரில் தேர்ந்தெடுக்காதீர்கள். வெளியே போன ஒலி தனக்குள்ளேயே சுற்றி, ஸ்பீக்கர் ஊளையிடக்கூடும்.