பத்துப் பேருக்கு ஓர் உப்பூர்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராக ஒரு கதையை நடத்திப்போகும் ரோல்பிளேயிங் ஆட்டத்தில், பல வாரம் தொடரும் கதைக்குக் கேம்பெயின் என்று பெயர். நல்ல கேம்பெயின்கள் பாதியில் நின்றுபோக முதல் காரணம் நாட்காட்டி. ஐந்து பேர் விளையாடுகிறீர்கள், ஒவ்வொருவரும் ஐந்து தடவைக்கு நான்கு தடவை வந்துவிடுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆட்கள்தான். ஆனாலும் ஐந்து பேரும் ஒரே நாளில் உட்காரும் வாய்ப்பு 33 சதவீதம்தான் (0.8-ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள்). "எல்லாரும் வந்தால்தான் ஆட்டம்" என்று பிடிவாதம் பிடித்தால் மூன்று வாரத்தில் இரண்டு வாரம் ரத்து. அதே ஐந்து பேரில் மூன்று பேர் போதும் என்றால் 94 சதவீதம். இன்னும் தாராளமாகப் போகலாம்: பத்துப் பேர், ஒவ்வொருவரும் பாதி நாள்தான் வருவார், நான்கு பேர் சேர்ந்தால் ஆட்டம். அப்போதும் 83 சதவீதம் நடந்துவிடும்.

ஆகவே உலகம் கட்டும்போதே பத்துப் பேரை மனதில் வைத்துக் கட்ட வேண்டும். இது புதிய யோசனையும் இல்லை. இந்த வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 1974-இல் வந்த முதல் விதிப்புத்தகமே ஒரு கேம்பெயினுக்கு நான்கிலிருந்து ஐம்பது பேர் வரை என்று சொன்னது. ஏறக்குறைய இருபது பேருக்கு ஒரு நடுவர், அதாவது உலகத்தைக் கட்டி ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர். பின்னாளில் பென் ராபின்ஸ் நடத்திய வெஸ்ட் மார்ச்சஸ் என்ற கேம்பெயின் அதைத் தெளிவான முறையாகவே ஆக்கியது. பத்து, பதினான்கு பேர் கொண்ட கூட்டம், நிலையான குழு கிடையாது, என்றைக்கு, எங்கே போவது என்பதை விளையாடுகிறவர்களே முடிவு செய்வார்கள். எல்லாப் பயணமும் ஊரில் தொடங்கி ஊரிலேயே முடியும். இந்தக் கடைசி விதிதான் உயிர்நாடி. போன வாரம் குகைக்குள் நிறுத்தியிருந்தால், இந்த வாரம் வராதவரின் கேரக்டரை என்ன செய்வது? ஊரில் முடித்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

சரி, ஊர். கற்பனை உலகம் என்றதும் பலர் ஆயிரம் ஆண்டு வரலாறும் பன்னிரண்டு கடவுளர்களும் எழுத ஆரம்பிக்கிறார்கள். அதை யாரும் படிக்க மாட்டார்கள். நம் உலகத்திலிருந்து ஒரே ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு அதை விடாமல் துரத்துங்கள். அதனால் யார் பிழைக்கிறார்கள், யாருக்கு நட்டம், சட்டம் என்ன சொல்கிறது, ஏமாற்றுகிறவன் என்ன செய்வான் என்று நான்கு கேள்வி கேட்டாலே போதும்.

ஓர் உதாரணம். உப்பளங்களுக்கு நடுவே உவர்மேடு என்று ஓர் ஊர். உப்பில் புதைத்த உடல் அங்கே அழுகுவதில்லை. மாற்றம் இதுதான்: மூதாதையின் உடல் கெடாமல் இருக்கும்வரைதான் அந்தக் குடும்பத்துக்கு நிலத்தில் பாத்தியதை. இனித் துரத்துங்கள். உடல் காப்பது ஒரு தொழில். உடல் திருடுவது நில அபகரிப்பு. போலி மூதாதையைச் சோடித்து விற்கும் தரகர் இருப்பார், அதைக் கண்டுபிடிக்கிற கிழவியும் இருப்பாள். மழை வந்தால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கும். நாற்பது ஆண்டுக்கு முன் கடல் புகுந்து கிழக்கு அளங்களை மூழ்கடித்தது; அங்கே இருந்த உடல்களோடு முப்பது குடும்பத்தின் நிலமும் போனது. இப்போது தண்ணீர் வடிந்துவருகிறது. விளையாடுகிறவர்கள் ஏன் ஊரைவிட்டு வெளியே போக வேண்டும் என்பதற்கு இதற்குமேல் காரணம் வேண்டியதில்லை.

கேரக்டர்கள் நிலை நிலையாக உயர்வதற்குச் சேர்க்கும் அனுபவப் புள்ளியையும் இதோடு கட்டிவிடுங்கள். பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மீட்டுவந்த ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. சண்டையில் கிடைப்பது சொற்பம். இங்கே ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த உடலுக்குப் புள்ளி. எதற்குப் புள்ளி கொடுக்கிறீர்களோ அதைத்தான் ஆட்கள் செய்வார்கள். கொல்வதற்குக் கொடுத்தால் கொல்வார்கள்.

வரைபடத்துக்கு அறுகோணக் கட்டத் தாள். ஒரு கட்டம் 6 மைல், ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். 1981-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எக்ஸ்பர்ட் விதிப்பெட்டியிலிருந்து புழக்கத்தில் உள்ள அளவு. சுமை இல்லாதவர் சமவெளியில் ஒரு நாளைக்கு 24 மைல், அதாவது நான்கு கட்டம் நடப்பார். சேற்றில் இரண்டு என்று வையுங்கள். ஐந்துக்கு ஐந்து, மொத்தம் 25 கட்டம், மேற்கு ஓரத்தில் ஊர். முதல் நாளுக்கு எட்டு கட்டத்தை நிரப்பினால் போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்றே வரி: தூரத்திலிருந்து தெரிவது, கிட்டப் போனால் இருப்பது, வேறொரு கட்டத்துக்கு இழுப்பது.

வடகிழக்குக் கட்டம் ஒன்றைப் பாருங்கள். தூரத்தில், காற்றே இல்லாத நாளிலும் சுற்றுகிற ஒரு காற்றாலை. கிட்டப் போனால், அடியில் நான்கு பேர் கையால் சுற்றி நிலவறையிலிருந்து தண்ணீரை இறைக்கிறார்கள். அறையில் பதினொரு உடல்கள், பதினொன்றிலும் பெயர்ப்பட்டை சுரண்டப்பட்டிருக்கிறது. ஓர் உடலின் வாயில் செப்புத் தகடு, அதில் தெற்கு மதகின் படம். இந்த மூன்றாவது வரியை விட்டுவிட்டால் உலகம் தனித்தனிக் கடைகளாக நின்றுவிடும். ஒரு குழு காற்றாலைக்குப் போய்வந்தால், அடுத்த வாரம் வேறு நான்கு பேர் மதகுக்குப் போக ஆசைப்பட வேண்டும்.

வழியில் எதிர்ப்படுவதற்குப் பயண நாளுக்கு மூன்று முறை ஆறுமுகப் பகடை, 1 விழுந்தால் சந்திப்பு. ஒரு நாளில் ஒன்றாவது நிகழ வாய்ப்பு 42 சதவீதம். என்ன சந்திப்பு என்பதற்கு இரண்டு பகடையை உருட்டிக் கூட்டுங்கள். 6, 7, 8 மூன்றும் சேர்ந்து 44 சதவீதம் விழும். 2-உம் 12-உம் தலா முப்பத்தாறில் ஒரு தடவைதான். ஆகவே நடுவில் உப்பு வண்டிக்காரர், காவலர், வாரிசு தேடி அலைகிறவர்; ஓரத்தில் பயங்கரம். நடுவில் பூதத்தை வைத்தால் ஆட்கள் பேசுவதையே நிறுத்திவிட்டு எடுத்ததும் வாளை உருவுவார்கள்.

இனி ஆட்கள். "ஆர்வம் இருக்கா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், அதற்கு மதிப்பில்லை. அழைப்பில் கிழமை, நேரம், எத்தனை மணி நேரம், எந்த விதிமுறை, கதையின் தன்மை, எத்தனை செஷன் (ஒரு தடவை கூடி ஆடுவது ஒரு செஷன்) என்று எழுதுங்கள். முதலில் ஆறு செஷன் மட்டும் கேளுங்கள். முடிவு தெரிந்த வேலைக்கு ஆள் துணிந்து வருவார்.

அதற்கும் முன், தயார் செய்த கேரக்டர்களோடு மூன்று மணி நேரச் சோதனை ஆட்டம், நான்கைந்து பேராக. அதில் நடிப்புத் திறமையைப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் "நீ என்ன செய்யப்போறே?" என்று கேட்கிறாரா, வாட்ஸ்அப்பில் தேதி கேட்டால் பதில் போடுகிறாரா என்று பாருங்கள். முந்தின நாளே "வர முடியாது" என்று சொல்கிறவர் தங்கம். சொல்லாமல் வராமல் போகிறவர் எவ்வளவு சுவையாக விளையாடினாலும் குழுவைக் கரைத்துவிடுவார்.

உவர்மேடு போன்ற களத்தில் பிணம்தான் மையம். அண்மையில் வீட்டில் ஒருவரை இழந்தவருக்கு அது விளையாட்டாக இருக்காது. அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். மேசையில் ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் வடிவமைத்த எக்ஸ் கார்டும், அதாவது X என்று எழுதிய ஓர் அட்டையும், இருக்கட்டும். யார் அதைத் தொட்டாலும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்ற வேண்டும்.

அதன்பின் முன்னெடுப்பை அவர்களிடம் விடுங்கள். யாருக்குப் போக ஆசையோ அவர் மூன்று நாள் முன்பே நாள், இடம், உடன் வரும் மூன்று பேரைச் சொல்ல வேண்டும். நீங்கள் அந்த ஒரு கட்டத்தையும் வழியையும் மட்டும் தயார் செய்வீர்கள். கேம் மாஸ்டர்கள் சோர்ந்துபோவது யாரும் போகாத இடங்களுக்கு உழைத்து உழைத்துத்தான்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவைதான். அதே நான்கு பேர் ஒட்டிக்கொண்டு போவார்கள். போன பயணத்தில் இல்லாத ஒருவராவது கட்டாயம் என்று விதி வையுங்கள். புதியவர் பின்தங்குவாரே என்ற பயத்தைப் பழைய புள்ளி அட்டவணையே தீர்க்கிறது. சண்டைவீரர் வகைக் கேரக்டருக்கு இரண்டாம் நிலை 2,000 புள்ளி, மூன்றாம் நிலை 4,000, நான்காம் நிலை 8,000. மூன்றாம் நிலையில் இருப்பவர் நான்காவதை எட்டுவதற்குள், அதே அளவு சம்பாதித்த புதியவர் மூன்றாவதில் இருப்பார்.

நேரம் முடிந்தும் ஊர் திரும்பாமல் நிற்பதும் அடிக்கடி நடக்கும். மூன்று மணி நேர செஷனில் இரண்டரை மணி நேரம் ஆனதுமே "திரும்பலாமா?" என்று கேளுங்கள். அப்படியும் வெளியே மாட்டினால் ஆளுக்கொரு பகடை: 5, 6 என்றால் பத்திரம், 3, 4 என்றால் பாதிச் சுமை போச்சு, 1, 2 என்றால் சிறைபட்டார், அவரை மீட்பது அடுத்த குழுவின் வேலை.

ஊர்ச் சத்திரத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வரைபடம் இருக்கட்டும். அதை அவர்களே வரைவார்கள், தப்பும் தவறுமாகத்தான். நீங்கள் திருத்தக் கூடாது. மதகை ஒரு கட்டம் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்றால், அடுத்த நான்கு பேர் சேற்றில் ஒரு நாள் சுற்றிவிட்டு வந்து, வரைந்தவரைப் பிடித்துக் கேட்பார்கள். அந்தச் சண்டை வாட்ஸ்அப் குரூப்பில் வாரம் முழுக்க ஓடும். அடுத்த பயணத்துக்கான தேதியும் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடும்.